மதினிக்கு மூச்சு வாங்கும் என்று எனக்குத் தெரியும்

என் சண்டைக்காரி, எனக்குச் சோறு போட்டவ, காரியாபட்டி மதினிக்கு,

போய்ச் சேர்ந்த இடம் சௌகரியமா? கொஞ்சம் இளைப்பாற விட்டார்களா, இல்லை போன அன்றைக்கே விளக்குமாற்றைக் கேட்டு வாங்கி எல்லாரையும் எழுப்பிவிட்டீர்களா? எங்கள் அப்பா அங்கேதான் இருப்பார். அவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்காதீர்கள். அவர் சின்ன வயசிலேயே போனவர். இப்போது மாமனாரை விட மருமகளுக்குத்தான் வயசு கூட.

உங்கள் மகன் சங்கர் முதலாம் ஆண்டு நினைவு நோட்டீஸ் அடிக்கப் போகிறான். அவன் வேலை பார்க்கிற ஆப்செட் கம்பெனியிலேயே அடித்துக்கொள்ளலாமாம். போட்டோவுக்குக் கீழே நாலு வரி எழுதிக் கொடுங்கள் சித்தப்பா என்றான். நான் அச்சாபீசில் எழுத்துக் கோத்த காலத்தில் ஊரில் யார் செத்தாலும் அந்த நாலு வரியை நான்தான் கோப்பேன். ஆளுக்கு ஆள் பெயர் மட்டும் மாறும். உங்களுக்கு அதை எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. அதனால்தான் இது. முதலில் எழுதிய நகலைச் சங்கர் படித்துப் பார்த்தான். இதையா அடிக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். ஆமா, இதைத்தான் என்றேன்.

மதினியைக் கேலி செய்வது கொழுந்தனுக்கு உரிமை. நம் ஊரில் அதை யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள், செய்யாவிட்டால்தான் என்னடா மனஸ்தாபம் என்பார்கள். நீங்கள் கல்யாணமாகி நாரணாபுரத்துக்கு வந்த முதல் நாள், குழம்பில் உப்பு இல்லை என்று நான் சொல்ல, நீங்கள் உப்புச் சட்டியையே கொண்டுவந்து என் இலையில் கவிழ்த்தீர்கள். அன்றைக்கே தெரிந்துபோயிற்று, இந்தப் பொம்பளையிடம் வாய் கொடுத்தால் பொழுது போகும் என்று. உங்களைச் சிரிக்க வைக்காமல் நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அண்ணன் கோபக்காரர். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் நான் ஒரு கேலியைப் போட்டு அமுக்கிவிடுவேன். அந்தப் பழக்கம்தான் இவ்வளவுக்கும் கொண்டுவந்து விட்டது.

நீங்கள் அச்சங்குளத்துப் பட்டாசு பேக்டரி வேனில் இருந்து இறங்கும்போது முழங்கை வரை வெள்ளியாக மினுங்கும். வெடிக்குப் போடுகிற அலுமினியப் பொடி. எங்கள் மதினிக்கு வளையல் எதற்கு, கையே வெள்ளிதானே என்று தெருவில் நின்று கத்துவேன். நீங்கள் செருப்பைக் காட்டுவீர்கள். அந்தப் பொடி கையோடு நிற்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். வேன் நிற்கிற இடத்தில் இருந்து வீட்டுக்கு வருவதற்குள் வழியில் நின்று நின்று வருவீர்கள். யாராவது பார்த்தால் செருப்பு வார் அறுந்த மாதிரி குனிந்துகொள்வீர்கள். அந்தச் செருப்பு வார் வருஷக்கணக்காக அறுந்துகொண்டே இருந்தது மதினி. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

தீபாவளி சீசனுக்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு டாக்டர் வருவாரே. மூச்சு வாங்குகிறது என்று யார் சொன்னாலும், வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். சீசனில் வீட்டில் இருந்தால் வருஷம் பூராவும் என்ன சாப்பிடுவது? அதற்காகப் பொம்பளைகள் எல்லாரும் ஒரு வேலை பழகி வைத்திருந்தீர்கள். காலையில் சுடுதண்ணீர் குடித்து, இருக்கிற இருமலையெல்லாம் வேலி ஓரமாக நின்று இருமித் தீர்த்துவிட்டு, பிறகுதான் டாக்டர் முன்னால் போய் நிற்பது. கேட்டால் ஒன்றுமில்லை என்பது. என் பெண்டாட்டி பேச்சிக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். கம்பெனிக்கு முன்னால் பொம்பளைகள் கச்சேரி நடக்கிறது, ஆளாளுக்கு ஒரு ராகம் என்று நான் கேலி பேசுவேன். நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்ததும் இருமல் வரும்.

போன வருஷம் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும் விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொன்னார். அதை நான் மறைக்கக் கூடாது. தொடை எலும்பின் தலை முறிந்துவிட்டது, அதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்க வேண்டும், உங்கள் எலும்பு இத்துப்போய் இருப்பதால் அது ஆடாமல் நிற்க உள்ளே சிமெண்ட் வைப்போம் என்றார். எங்க வீட்டுக்குப் பின்சுவரே பூசாமக் கெடக்கு, மிச்சம் இருந்தாக் குடுத்து விடுங்க என்று அந்த வலியிலும் கேட்டீர்களே, அவரே சிரித்துவிட்டார். இது வேறு சிமெண்ட், பசை மாதிரி இருக்கும், சீக்கிரம் இறுகிவிடும் என்றார்.

பிறகு அவர் சொன்னது எனக்கு அப்படியே மனசில் இருக்கிறது. எலும்புக்குள் அதை வைத்து அழுத்தும்போது உள்ளே இருக்கிற கொழுப்பும் மற்றதும் ரத்தத்தில் கலந்து நெஞ்சுக்குப் போகுமாம். நிறையப் பேருக்கு ஒன்றும் செய்யாது. நெஞ்சோ நுரையீரலோ பலவீனமாக இருக்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் பிரஷர் திடுக்கென்று இறங்கிவிடலாம், உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். அதனால் மயக்க டாக்டர் வந்து கேட்கிறபோது எதையும் மறைக்காதீர்கள் என்றார். நானும் அண்ணனும் தலையை ஆட்டினோம். நீங்களும் ஆட்டினீர்கள்.

மயக்க டாக்டர் சின்னப் பொம்பளைப் பிள்ளை. சங்கரை விட வயசு குறைவாகத்தான் இருக்கும். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"பாட்டி, நடந்தா, படி ஏறினா மூச்சு வாங்குமா? இருமல் உண்டா?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கேன்."

கம்பெனி டாக்டருக்குச் சொல்கிற அதே பதில், அதே குரல். அந்தப் பிள்ளை எங்கள் பக்கம் திரும்பி, கூட இருக்கிறவர்கள் சொல்லுங்கள் என்றது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வேலி ஓரத்தில் இருமிவிட்டு நிமிரும்போது பார்ப்பீர்களே, அதே பார்வை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"எங்க மதினிக்கா மூச்சு வாங்கும்? அவுக சண்டைக்கு நின்னா எதித்த வீட்டுக்காரிக்குத்தான் மூச்சு வாங்கும் டாக்டரம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். நர்சு சிரித்தது, டாக்டர் பிள்ளை சிரித்தது. இடுப்பு முறிந்து கிடந்த நீங்களும் சிரித்தீர்கள். சிரிப்போடு இருமல் வந்தது. அதை நீங்கள் வெளியே விடாமல் விழுங்கினீர்கள். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் முட்டியதை நான் பார்த்தேன். அந்தப் பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. பிறகு குழலை நெஞ்சில் வைத்துப் பார்த்து, லேசாகச் சத்தம் கேட்கிறதே என்றது. அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். பனி ஒத்துக்கொள்ளவில்லை, வேறு ஒன்றுமில்லை என்றேன்.

எதற்காகச் சொன்னேன்? இதை ஒரு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூச்சு வாங்கும் என்று சொன்னால் ஆபரேஷன் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நீங்கள் படுக்கையிலேயே கிடப்பீர்கள் என்று பயந்தேனா? கம்பெனி அனுப்புகிற மாதிரி ஆஸ்பத்திரியும் அனுப்பிவிடும் என்று நினைத்த மடையன் நான். இல்லை, அவ்வளவு கூட யோசிக்கவில்லையா? நாலு பேர் கூடி நிற்கிறார்கள், ஒரு கேலி வாயில் வந்தது, விட்டுவிட்டேன், அவ்வளவுதானா? நீங்களாவது சொல்லுங்கள் மதினி. எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டரில் இருந்து அந்தப் பிள்ளைதான் வெளியே வந்தது. சிமெண்ட் வைத்த உடனே பிரஷர் இறங்கிவிட்டது, நெஞ்சை அமுக்கிப் பார்த்தோம், மருந்து கொடுத்தோம், திரும்பி வரவில்லை என்றது.  பாட்டிக்கு ஏற்கனவே நுரையீரலில் ஏதாவது இருந்ததா என்று கேட்டது. அண்ணன் பாய்ந்தார். நல்லாயிருந்த பொம்பளையைக் கொன்றுவிட்டுக் கேள்வியா கேட்கிறாய் என்று கத்தினார். நம் தெருக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். கதவுக் கண்ணாடி உடைந்தது. யாரோ அந்தப் பிள்ளையின் கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். அது கூட்டத்துக்கு மேலே என்னைத் தேடிப் பார்த்தது. நேற்று அதைச் சிரிக்க வைத்த கிழவன் நான்தானே.

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகும் டீக்கடையில் கலப்படச் சிமெண்ட்டை வைத்துவிட்டார்கள் என்று பேசினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையப்பா என்று சொல்ல ஒரு வாய் போதும். ஊரெல்லாம் பேசுகிற இந்த வாய் அதற்கு மட்டும் திறக்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் என் பேச்சி தண்ணீர்க் குடத்தோடு குழாயடியில் விழுந்துவிட்டாள். அதே இடுப்பு. வாழ்நாள் பூரா உங்களோடு போட்டி போட்டவள், இதிலும் விடவில்லை. மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்று சங்கர் சொன்னான். பேச்சி கேட்கவில்லை. அவ்வளவு தூரம் இந்த வலியோடு வேனில் குலுங்க முடியாது, விருதுநகருக்கே போவோம் என்றாள். அதே ஆஸ்பத்திரி. அண்ணனும் வந்தார். வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

எலும்பு டாக்டர் வேறு ஆள். மயக்க டாக்டர் அதே பிள்ளை. எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கதவோரமாக ஒரு நிமிஷம் நின்றது. பிறகு வந்து, பேச்சிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதே கேள்விகளைக் கேட்டது.

"ஒண்ணுமில்லத்தா" என்றாள் பேச்சி.

நீங்கள் சொல்லிக் கொடுத்த பாடம். அப்படியே உங்கள் குரல். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அண்ணன் என் பக்கத்தில்தான் இருந்தார், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி. நான் உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். இவளுக்கு இருந்ததைச் சொல்கிறாயே, அவளுக்கு இருந்ததை ஏன் சொல்லவில்லை என்று அண்ணன் கேட்பார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அந்த நேரத்திலும், நம்புவீர்களா மதினி, வாய்க்குள் ஒரு கேலி தயாராக வந்து நின்றது.

அதைக் கடித்துத் துப்பினேன்.

"பொய் சொல்றா டாக்டரம்மா. வெடிக் கம்பெனியில பொடிக்குள்ளயே கெடந்தவ. மூச்சு வாங்கும். ராத்திரி உக்காந்துக்கிட்டுத்தான் தூங்குவா."

பேச்சி என்னை முறைத்தாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வராது என்று தோன்றியது.

"எங்க மதினிக்கும் இருந்துச்சு. இவளை விட அதிகமா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்களைச் சிரிக்க வச்சேன்."

அந்தப் பிள்ளை பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தது. திட்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அப்போதே சொல்லியிருந்தால் அவுக பிழைத்திருப்பார்களா என்று நான்தான் கேட்டேன்.

"அப்படி நான் சொல்ல மாட்டேன் ஐயா. சொல்லியிருந்தாலும் போயிருக்கலாம். ஆனா நாங்க தயாரா இருந்திருப்போம்."

அந்தக் கடைசி வார்த்தையைத் தூக்கிக்கொண்டுதான் இப்போது நடக்கிறேன் மதினி. தயாராக இருந்திருப்பார்கள். நெஞ்சை ஸ்கேன் பண்ணியிருப்பார்கள். சிமெண்ட் இல்லாமல் வைக்க முடியுமா என்று பார்த்திருப்பார்கள், இல்லாவிட்டால் அமுக்காமல் மெதுவாக வைத்திருப்பார்கள். வைக்கிற நேரத்தில் உங்கள் பிரஷரையே பார்த்துக்கொண்டு மருந்தோடு ஒருத்தர் நின்றிருப்பார். இதெல்லாம் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. நான் ஒரு சிரிப்புக்கு அதை விற்றுவிட்டேன்.

அண்ணன் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போனேன். அடிக்கட்டும் என்றுதான் போனேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்காரப் பயந்து தூணோரமாக நின்றேன்.

"ஏலே," என்றார், என்னைப் பார்க்காமல். "பக்கத்துல படுத்தவன் நான். அவ நெஞ்சு இழுக்குற சத்தத்துலதாம்லே எனக்குத் தூக்கமே வரும்."

  அவருக்கும் தெரியும் என்பதால் என் பாரம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. கத்தியவர் அவர், கத்த விட்டு வேடிக்கை பார்த்தவன் நான். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் உள்ளே போய் அந்தப் பிள்ளையின் முன்னால் நின்றார். கும்பிட நினைத்துக் கையைத் தூக்கினார், முடியவில்லை. வேட்டியைச் சரி செய்கிற மாதிரி கையைக் கீழே கொண்டுபோய்விட்டார். பரவாயில்லை, உட்காருங்கள் ஐயா என்றது அது.

பேச்சிக்கு உடனே ஆபரேஷன் செய்யவில்லை. முதலில் இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். மூக்கில் மாட்டி ஆவி பிடிக்க வைத்து மூச்சைத் தேற்றினார்கள். பிறகு எலும்பு டாக்டரும் அந்தப் பிள்ளையும் சேர்ந்து வந்து, இரண்டு வழியையும் விளக்கினார்கள். சிமெண்ட்டில் தப்பு எதுவும் இல்லை, எத்தனையோ வயசானவர்கள் அதனால்தான் எழுந்து நடக்கிறார்கள், ஆனால் இவர்கள் நுரையீரலுக்கு அது ஆபத்து கூடுதல் என்றார்கள். சிமெண்ட் இல்லாமலும் வைக்கலாம். அதில் தொடை வலி இருக்கும், நடக்க நாளாகும், எலும்பு விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. எது வேண்டும் என்று பேச்சியைக் கேட்டார்கள்.

"காலு வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. வலிக்க நான் இருந்தாத்தான டாக்டர்" என்றாள். உங்கள் ஓரகத்தி லேசுப்பட்டவளா?

பிழைத்துவிட்டாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். வலிக்கிறபோதெல்லாம் என் பரம்பரையைத் திட்டுகிறாள். எனக்கு அது கேட்க நன்றாக இருக்கிறது. உடனே கூசிப்போகிறது. இந்தத் திட்டு உங்கள் வீட்டிலும் கேட்டிருக்க வேண்டும். அண்ணன் தினமும் சாயங்காலம் வந்து, அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் யார் நடப்பதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை.

போன வாரம் காலையில் பேக்டரி வேன் நிற்கிற இடத்துக்குப் போனேன். உங்கள் கூட்டாளிகள் எல்லாரும் தூக்குவாளியோடு நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் இருக்கிற நோயை மறைக்காமல் சொல்லுங்கள் தாயிகளா என்றேன். சிரித்தார்கள். மாமா இன்னைக்கு என்ன கூத்துக் கட்டிக்கிட்டு வந்திருக்காக என்றாள் ஒருத்தி. காலமெல்லாம் கேலி பேசியவன் உண்மையைச் சொன்னால் அதுவும் கேலியாகத்தான் கேட்கும். அது எனக்கு வேண்டியதுதான்.

அதனால் நம் கதையைச் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்த்தது, நான் சொன்ன கேலி, நீங்கள் விழுங்கிய இருமல், தியேட்டர் வாசலில் நான் நின்ற நிலை, எல்லாவற்றையும். என் பெயரைச் சொல்லியே சொன்னேன். சிரிப்பு ஒவ்வொருத்தியிடமாக நின்றது. வேன் வந்தது. தூக்குவாளிகளை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெடிச் சரம் பின்னுவாளே முத்துலட்சுமி, அவள் மட்டும் கடைசியாக நின்றாள். சேலை முந்தானையால் வாயைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டு கேட்டாள்.

"கம்பெனிக்குத் தெரியாமப் பாக்க முடியுமா மாமா?"

முடியும் என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு விருதுநகர் போகிறேன் மதினி. நான் போகப் பேச்சியும் சம்மதித்துவிட்டாள். நெஞ்சு டாக்டர் அறைக்குள் நானும் போவேன். அவள் சொல்வதை அவளே சொல்லட்டும். மறைத்தால் நான் சொல்வேன். பயந்து என் முகத்தைப் பார்த்தாள் என்றால், சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயில் இருந்து ஒரு கேலியும் வராது. இவளுக்கு மட்டும் இல்லை, இனிமேல் நம் தெருவில் யார் கூட்டிப் போகச் சொன்னாலும் இப்படித்தான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை வந்த பிறகு நேரில் வந்து கேட்கிறேன்.

உங்களைச் சிரிக்க வைத்துச் சாகவிட்ட கொழுந்தன்,
குருசாமி
நாரணாபுரம்